சிறு விமானத்தின் சில்லு அதிர்ந்தால் எங்கிருந்து தேடுவது? சீனக்குடா வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்ற வழிமுறை

சிறு விமானத்தில் சில்லுப் பக்கமாக எது நடுங்கினாலும் விமானியின் வாயில் முதலில் வருவது "பாலன்ஸ் போய்விட்டது" என்பதுதான். பெரும்பாலும் பாலன்ஸ் போயிருக்காது. காற்று குறைந்திருக்கும், ரியூப் உள்ளே மடிந்து கிடக்கும், அல்லது பெயரிங் தளர்ந்திருக்கும். அதனால் நான் தேடும் ஒழுங்கு இது: முதலில் காற்று, பிறகு பூட்டிய விதம், பிறகு தேய்ந்த பாகங்கள், பாலன்ஸுக்காக ஒட்டும் ஈயம் கடைசியில். ஈயத்தை முதலில் ஒட்டினால் உண்மையான பிழை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மூன்று மாதத்தில் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

இங்கே சொல்லும் அளவுகள் செஸ்னா 152 விமானத்துக்கானவை: பிரதான சில்லில் 6.00-6 டயர், காற்றழுத்தம் 21 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்); முன்சில்லில் 5.00-5 டயர், 30 பி.எஸ்.ஐ. உங்கள் விமானத்தின் கைநூல் வேறு எண் சொன்னால் அந்த எண்ணே செல்லும். வேலையை யார் செய்தாலும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர்.

கை வைப்பதற்கு முன் ஒன்று. இந்தச் சில்லுகள் இரண்டு பாதிகளைச் சேர்த்து போல்ட்டால் இறுக்கியவை. உள்ளே காற்று இருக்கும்போது அந்த போல்ட்டைத் தளர்த்தினால் இரண்டு பாதிகளும் வெடித்துப் பிரியும், ஆள் இறந்திருக்கிறார்கள். சில்லை அச்சிலிருந்து கழற்றுவதற்கு முன்பே காற்றை முழுவதும் இறக்குங்கள். சீறல் நின்றதும் வால்வின் உள்ளூசியையும் கழற்றி எடுங்கள். அதன் பிறகுதான் போல்ட் கழற்றும் சாவியைத் தொட வேண்டும். இதில் "கொஞ்சம்தானே இருக்கிறது" என்ற பேச்சே கூடாது.

அறிகுறி: காற்று அடிக்கடி குறைகிறது

முதலில் அளந்த நேரத்தைக் கேளுங்கள். திருகோணமலைச் சீனக்குடாவில் ஆனி, ஆடியில் கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் நாளில் தார்த்தரையில் நின்ற டயரை மதியம் அளந்தால் காலையில் இருந்ததைவிட 2, 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். 10 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினாலே 21 பி.எஸ்.ஐ. டயரில் ஒரு பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேலே ஏறும். மதியம் அளந்து 21 இருக்கிறது என்று விட்டவர் மறுநாள் விடியற்காலை 18ஐக் கண்டு ஒழுகுகிறது என்பார். ஒழுகவில்லை, குளிர்ந்திருக்கிறது. காலையில், வெயில் படுவதற்கு முன், விமானம் ஓடி மூன்று மணிநேரமாவது ஆன பிறகு அளப்பதுதான் கணக்கு. வெயிலில் நின்ற டயரில் கூடுதலாகத் தெரியும் காற்றை இறக்கிவிடுவது அதைவிடப் பெரிய பிழை.

அடுத்து அளவுமானி. லொறி டயருக்கு வைத்திருக்கும் 150 பி.எஸ்.ஐ. மானியில் 20க்கும் 25க்கும் இடையே ஊசி ஒரு மயிரிழைதான் நகரும். 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாத மானி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே மானியையே எப்போதும் பயன்படுத்துங்கள், ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

டயர் புதிதா? அப்படியானால் பதற வேண்டாம். டயருக்குள் இருக்கும் நைலோன் இழை முதல் நாளில் நீளும். டயருக்கும் ரியூப்புக்கும் நடுவில் சிக்கிய காற்றும் மெல்ல வெளியேறும். இரண்டும் சேர்ந்து பத்து வீதம் வரை இறக்கிவிடும். அடித்து 12 மணிநேரம் கழித்து மீண்டும் அளந்து நிரப்புங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால்தான் ஒழுக்கு.

ஒழுக்கைத் தேட வால்வில் தொடங்குங்கள். சவர்க்காரத் தண்ணீரை வால்வின் வாயில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். உள்ளூசி கசிந்தால் குமிழி ஊதிப் பெருத்து உடையும், மறுபடி ஊதும். மணல் துகள் ஒன்று உட்கார்ந்திருந்தால் போதும். மூடியில்லாத வால்வு கடற்கரை விமானத்துக்கு ஆகாது. மூடி தூசியை மட்டும் தடுப்பதில்லை, இரண்டாவது அடைப்பாகவும் வேலை செய்கிறது. உள்ளூசியை மாற்றியும் இறங்கினால் ரியூப்பை வெளியே எடுத்து லேசாகக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வால்வு ரியூப்போடு ஒட்டும் அடிப்பகுதியையும் மடிப்புத் தழும்புகளையும் கூர்ந்து பாருங்கள்.

ரியூப்பை ஒட்டுப்போட்டு ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. ஒட்டு பிடித்தாலும் அந்த இடம் கனத்து, பாலன்ஸையும் கெடுக்கும். டயர் கடையில் அதே அளவில் கிடைக்கும் வேறு வாகனத்து ரியூப்பை நுழைப்பது பேச்சுக்கே இடமில்லாதது.

நைட்ரஜன் கேட்பவர்களும் உண்டு. ரியூப் உள்ள டயரில் காற்றின் ஈரம் சில்லைத் தொடுவதில்லை, ஆகவே சாதாரணக் காற்று போதும். ஆனால் டயர் கடையின் காற்று அமுக்கியிலிருந்து நேராக அடிக்காதீர்கள். அது நூறுக்கும் மேலான அழுத்தத்தில் தள்ளும். இந்தச் சிறிய டயர் சில நொடியில் அளவு மீறிவிடும். இடையில் அழுத்தம் குறைக்கும் கட்டுப்படுத்தி இருக்க வேண்டும். புதிதாகப் பூட்டிய சில்லுக்கு இரும்புக்கூட்டுக்குள் வைத்து, தள்ளி நின்று அடிக்க வேண்டும்.

அறிகுறி: டயர்க் கோடும் சில்லுக் கோடும் விலகி நிற்கின்றன, அல்லது வால்வு சாய்ந்திருக்கிறது

பூட்டும்போது டயரின் பக்கச்சுவரிலிருந்து சில்லின் விளிம்புக்கு ஒரு வண்ணக் கோடு போட்டிருப்பார்கள். இல்லையென்றால் இன்றே போடுங்கள். அந்தக் கோடு இரண்டாக உடைந்து விலகியிருந்தால், பிரேக் பிடித்தபோதோ தரைதொட்டபோதோ டயர் சில்லின் மேல் வழுக்கியிருக்கிறது. ரியூப் டயரோடு சேர்ந்து நகரும். வால்வோ சில்லின் துளையில் சிக்கி நிற்கும். இன்னும் கொஞ்சம் வழுக்கினால் வால்வின் அடி கிழிந்து ஒரே மூச்சில் காற்று போகும், அதுவும் ஓடுபாதையின் நடுவில்.

காரணம் பத்தில் ஒன்பது தடவை குறைந்த காற்றுதான். காற்றை நிரப்பிவிட்டுக் கோட்டை மட்டும் புதிதாகப் போடுவது ஏமாற்று. கழற்றி, ரியூப்பின் வால்வு அடியைப் பார்த்து, புதிதாகப் பூட்டுங்கள்.

அறிகுறி: ஓடும்போது மூக்கு இடம்வலமாக உதறுகிறது

தரையிறங்கி முன்சில்லு தரைதொட்ட கணத்தில் கால்மிதிகள் காலுக்குள் படபடவென்று அடிக்கும், கருவிப்பலகை மங்கலாகத் தெரியும். இதைப் பார்த்ததும் ஈயக்கட்டியைத் தேடி ஓடுபவர்களே அதிகம்.

முதலில் விமானி எப்படி இறக்குகிறார் என்று பாருங்கள். வேகம் குறைவதற்கு முன்பே மூக்கைத் தரையில் குத்துபவருக்கு எந்த விமானமும் உதறும். கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து, பிரதான சில்லுகளில் ஓடி, மூக்கைத் தானாக இறங்கவிட்டால் பாதி முறைப்பாடு அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியும் உதறினால் முன்சில்லின் காற்றை அளங்கள். சரியென்றால் மூக்கைத் தூக்குங்கள். தூக்குவதற்கு வாலின் கிடைச்சிறகில் கை வைத்து அழுத்தாதீர்கள். உள்ளே தகடு மடியும். கிடைச்சிறகுக்குச் சற்று முன்னால், உடற்பகுதியின் சட்டம் உள்ள இடத்தில் அழுத்தி, வால் வளையத்தை நிலத்தோடு கட்டிவிடுங்கள். இனி முன்சில்லை இரண்டு கையாலும் பிடித்து மூன்று விதமாக ஆட்டுங்கள்.

சில்லின் மேலையும் கீழையும் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்தால் டக் டக் என்கிறதா? பெயரிங் தளர்வு. முன்னும் பின்னுமாக முறுக்கும்போது கத்தரிக்கோல் போல மடியும் இணைப்பின் மூட்டில் ஆட்டம் தெரிகிறதா? புஷ் தேய்ந்திருக்கிறது. ஒருவர் முறுக்க மற்றவர் அந்த மூட்டில் விரலை வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். மூன்றாவதாக, சில்லை வேகமாக இடம்வலம் திருப்புங்கள். உதறல்தணிப்பான், அதாவது முன்சில்லின் உதறலை எண்ணெயால் அடக்கும் உருளை, ஒரே சீரான எதிர்ப்பைத் தர வேண்டும். நடுவில் கொஞ்ச தூரம் வெறுமையாக நகர்ந்து பிறகு பிடித்தால் உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது எண்ணெய் குறைந்திருக்கிறது. தண்டின் முனையில் சிவப்பு எண்ணெய்த் தடமும் அதில் ஒட்டிய மண்ணும் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. முத்திரை வளையத்தை மாற்றி, காற்று இல்லாமல் நிரப்ப வேண்டும்.

இவை எல்லாம் இறுக்கமாக இருந்தும் உதறினால் மட்டும் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

அறிகுறி: தரையை விட்டு எழும்பிய பிறகும் அதிர்கிறது

பாலன்ஸ் பிழை தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம் இதுதான். விமானம் எழும்பிய பின்பும் சில்லுகள் சுழன்றுகொண்டிருக்கும். அப்போது பிரேக்கை மெதுவாக ஒருமுறை மிதியுங்கள். அதிர்வு உடனே நின்றால் பிழை பிரதான சில்லில். மிதித்தும் தொடர்ந்து, சிறிது நேரத்தில் தானாக ஓய்ந்தால் முன்சில்லில். அதற்குப் பிரேக் இல்லை. ஓயவே இல்லை என்றால் டயரை விட்டுவிட்டு இயந்திரத்தையும் புரொப்பெல்லரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சில்லைக் கழற்றியதும் ஈயத்தைத் தொடாமல், பூட்டிய விதத்தைச் சரிபாருங்கள். டயரின் பக்கச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அதுதான் டயரின் கனம் குறைந்த இடம். ரியூப்பில் மஞ்சள் கோடு இருந்தால் அது ரியூப்பின் கனமான இடம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கப் பூட்ட வேண்டும். ரியூப்பில் குறியே இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளிக்கு நேரே வால்வு வர வேண்டும். இதைக் கவனிக்காமல் பூட்டிய டயரை நான் கழற்றும்போது பெரும்பாலும் புள்ளி வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று சிரிக்கும்.

பூட்டும் முறையிலும் பிழை நுழையும். டயரின் உட்புறத்தையும் ரியூப்பையும் துடைத்து, வாசனையில்லாத டால்க் பவுடரை மெல்லத் தூவுங்கள்; அள்ளிக் கொட்டினால் ஒரு மூலையில் சேர்ந்து அதுவே எடையாகிவிடும். சில்லின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது ரியூப் நடுவில் கடிபடவில்லை என்று விரலைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக, முறுக்குச்சாவியால், சில்லில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதிய அளவுக்கு இறுக்குங்கள். காற்றால் இயங்கும் அடிசாவி இந்த வேலைக்கு ஆகாது. பிறகு டயர் விளிம்பில் சரியாக உட்காரும் வரை காற்றடித்து, முழுவதும் இறக்கி, மறுபடி அடியுங்கள். இந்த இறக்கி ஏற்றும் வேலையைச் சோம்பலில் விடுபவர்கள் பலர். ரியூப்பின் மடிப்பு விரிவது அப்போதுதான். மடிந்த ரியூப் ஒரு பக்கம் கனத்து, பிறகு அதே மடிப்பில் கிழியும்.

இவ்வளவும் சரியென்றால் ஒரு நாள் விட்டு, டயர் நீண்டு அடங்கிய பிறகு, பாலன்ஸ் தாங்கியில் ஏற்றுங்கள். பெயரிங்குகளையும் கிறீஸ் அடைப்பு வளையங்களையும் கழற்றிவிட வேண்டும். அவற்றின் உராய்வு இருந்தால் சிறிய எடை வேறுபாடு சில்லைத் திருப்பாது. பாலன்ஸ் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். பிரேக் டிஸ்க் சில்லோடு சேர்த்து போல்ட் பூட்டப்படும் வகையென்றால் அதையும் பூட்டியே அளக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஹாங்கர் கதவையும் சாத்துங்கள். கச்சான் நாளில் கதவைத் திறந்து வைத்துப் பாலன்ஸ் பார்ப்பது காற்றை அளப்பதுதான், சில்லை அல்ல.

சில்லைத் தானாக ஆடி நிற்க விடுங்கள். நின்றதும் அடியில் சோக்கால் ஒரு கோடு. கால்வட்டம் திருப்பி விடுங்கள். மறுபடி அதே கோடு அடிக்கு வருகிறதா? மறுபக்கம் திருப்பியும் வருகிறதா? அப்படியானால் கனம் அங்கேதான். ஒவ்வொரு தடவையும் வேறு இடம் அடியில் நின்றால் சில்லு சரி, வேலை முடிந்தது.

கனம் தெரிந்ததும் அதற்கு நேர் எதிரே, சில்லில் மக்குக்கட்டியைச் சிறிது சிறிதாக அப்பிப் பாருங்கள். எங்கே திருப்பி விட்டாலும் சில்லு அசையாமல் நின்றதும் மக்கைச் சுரண்டி எடுத்து நிறுங்கள். அந்த நிறைதான் வேண்டிய ஈயம். நிறை அதிகமாக வந்தால் ஈயத்தை அடுக்காதீர்கள். காற்றை இறக்கி, சில்லைப் பிரித்து, டயரைச் சில்லின் மேல் அரைவட்டம் திருப்பிப் பூட்டி மறுபடி பாருங்கள். பல தடவை பாதி குறைந்துவிடும். கைநூல் எவ்வளவு வரை அனுமதிக்கிறதோ அதற்கு மேல் ஒட்டக்கூடாது.

ஒட்டும் இடத்தைக் கரைப்பானால் நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். உப்பு படிந்த உலோகத்தில் எந்தப் பசையும் நிற்காது. இரண்டு பாதிகளிலும் பாதிபாதியாகப் பிரித்து, பிரேக்கில் உரசாத இடத்தில் ஒட்டுங்கள். கார்ச் சில்லு விளிம்பில் தட்டி மாட்டும் எடைகள் இங்கே வேண்டாம். அவை விளிம்பைக் காயப்படுத்தும், காயம் பிறகு வெடிப்பாகும்.

அறிகுறி: சில்லு உறுமுகிறது, சூடேறுகிறது

சீனக்குடா ஓடுபாதைக்கு அருகிலேயே கடல். நிலாவெளியில் உப்பு விளைவிக்கும் அதே காற்றுத்தான் இங்கே பெயரிங்குக்குள்ளும் போகிறது. மூக்கைத் தூக்கிச் சில்லைக் கையால் சுற்றி, காதை அச்சுக்குக் கிட்டே வையுங்கள். மணல் அரைபடும் ஓசை கேட்டால் கழற்றியே ஆக வேண்டும்.

பழைய கிறீஸைக் கரைப்பானில் கழுவி, உருளைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உருளைகளின் இடைவெளி அளவுக்கே வரிசையாகச் சாம்பல் நிறக் கோடுகள் கிண்ணத்தில் (உருளைகள் ஓடும் வெளிவளையத்தில்) பதிந்திருந்தால், விமானம் நெடுநாள் நின்ற இடத்தில் ஈரம் தின்ற அடையாளம் அது. நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் தடக்கினால் பெயரிங்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். அழுத்தக் காற்றால் பெயரிங்கைச் சுழற்றி உலர்த்தாதீர்கள்.

கிறீஸ் கைநூல் சொல்வதாக இருக்க வேண்டும். ஏரோஷெல் 22 போன்ற களிமண் அடிப்படைக் கிறீஸை லொறிக் கிறீஸோடு கலந்தால் இரண்டும் இளகி ஒழுகும். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, பெயரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி வாருங்கள். மறுபக்கத்து இடைவெளிகளில் கிறீஸ் புழுப்போல எட்டிப் பார்க்க வேண்டும். அச்சு நட்டை, சில்லைச் சுற்றிக்கொண்டே லேசான பிடிப்பு தெரியும் வரை இறுக்கி, கைநூல் சொன்னபடி பின்வாங்கி, பூட்டுக்கம்பியைப் போடுங்கள்.

கிறீஸ் புதிது, ஓசையும் இல்லை, ஆனாலும் ஒரு சில்லு மட்டும் சூடேறி விமானம் அந்தப் பக்கம் இழுக்கிறதென்றால் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. பிரேக் அழுத்தி நழுவும் ஊசிகளில் உப்புத்துரு படிந்து, அழுத்தி நழுவாமல் நிற்பதே இங்கே வழக்கமான காரணம்.

அறிகுறி: தேய்வு ஒரே மாதிரி இல்லை

நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு தோள்களும் தேய்ந்தால் காற்று குறைவு. பிரதான டயரின் வெளித்தோள் மட்டும் தேய்ந்தால், வில்போல வளைந்துகொடுக்கும் எஃகுக் கால் உள்ள செஸ்னாவில், ஒருவர் மட்டும் ஏறிப் பறக்கும் பழக்கம் காரணமாக இருக்கலாம். பாரம் குறைந்தால் சில்லின் மேற்பகுதி வெளியே சாயும். பாதி தேய்ந்ததும் டயரைக் கழற்றிப் பக்கம் மாற்றிப் பூட்டுங்கள். இரண்டு பக்கமும் வேறுவேறு விதமாகத் தேய்ந்தால் அச்சின் அடியிலுள்ள சாய்வுத்தகடுகளைச் சரிபார்க்க வேண்டும்.

அறிகுறி: ஓரிடத்தில் மட்டும் தட்டை

விமானம் வாரக்கணக்கில் நின்ற பிறகு முதல் ஓட்டத்தில் தடதடத்து, கொஞ்ச தூரத்தில் சரியானால் அது நைலோன் இழையின் குணம். கவலை இல்லை.

சரியாகவில்லை, தட்டையான இடத்தில் ரப்பர் வழித்தெடுத்ததுபோல் இருக்கிறது என்றால் சில்லு சுழலாமல் இறுகி நின்று இழுபட்டிருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் இறங்கியவரிடம் விசாரியுங்கள். தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் அந்த வேகம் நொட்டில் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கிடைக்கும். 21 பி.எஸ்.ஐ.க்கு அது 41 நொட். காற்று 15க்கு இறங்கியிருந்தால் வேகம் 35 நொட்டுக்குக் குறையும் வரை மிதப்பு தொடரும், அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் நேரம் இன்னும் தள்ளிப்போகும். மிதந்துகொண்டிருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் சில்லு நின்றுவிடும். பிடிப்பு திரும்பிய நொடியில் ஒரே இடத்தில் ரப்பர் போகும். தட்டை இழை வரை போயிருந்தாலும், விடாமல் தடதடத்தாலும் டயரை மாற்றுங்கள். இந்தத் தட்டைக்கு ஈயம் மருந்தல்ல.

அறிகுறி: வெடிப்பு, வெட்டு, வீக்கம்

வெயிலில் நிற்கும் டயரின் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் வருவது இயல்பு. இழை தெரியாத வரை பறக்கலாம். நிற்கும்போது டயருக்கு ஒரு துணி உறை போட்டால் வெடிப்பு பரவும் வேகம் குறையும். எரிபொருளோ எண்ணெயோ சொட்டினால் அன்றே சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள்.

டயரில் காற்று இருக்கும்போது வெட்டுக்குள் ஊசி விட்டுக் கிண்டாதீர்கள். காற்றை இறக்கிவிட்டு விரித்துப் பாருங்கள். இழை தெரிந்தால் டயர் கழிவு. டயர் முகத்திலுள்ள தவாளிப்பின் அடி வரை ஏதாவது ஓர் இடத்தில் தேய்ந்து மட்டமானாலும் டயர் கழிவுதான்.

வீக்கத்துக்கு விவாதமே இல்லை. காற்றை இறக்கினால் வீக்கம் மறைந்துவிடும், பிறகு இடம் தெரியாது. எனவே முதலில் சோக்கால் சுற்றி வட்டம் போட்டு, பிறகு இறக்கி, கழற்றி, பக்கச்சுவரில் கத்தியால் ஆழக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதைத் தூக்கி மேலதிக டயர் அடுக்கில் வைத்துவிடுவார்கள்.